இலையின் இடப்பக்கம்

தங்கபுஷ்பத்துக்குச் சண்டை போடத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தியாகராய நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் ஆறு குடித்தனம். மற்ற ஐந்து குடித்தனமும் காலையில் அவள் குரலைக் கேட்டுத்தான் மணி எட்டு ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும். எட்டு மணிக்குத்தான் அவள் புருஷன் சண்முகசுந்தரம் சாப்பிட உட்காருவார். குழம்பில் உறைப்பு இல்லை என்பார். இவள் சும்மா இருப்பாளா? எட்டரைக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், அவர் தலை தெருமுனையில் மறைகிறவரை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. ஒரே மகளைக் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது இவர்கள் இரண்டு பேரும், இந்தச் சண்டையும்தான்.

சண்முகசுந்தரம் பேர் வெட்டுகிறவர். உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் தனபாலன் அண்ணாச்சியின் பாத்திரக் கடை. அதன் வாசலில் ஒரு கோணியை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். பாத்திரம் இரண்டு பாதத்துக்கும் நடுவில் இருக்கும். சின்ன உளி இடக்கையில், சுத்தியல் வலக்கையில். கல்யாணச் சீருக்கு எவர்சில்வர் வாங்க வந்தவர்கள் ஒரு தாளில் பெண்ணின் பேரை எழுதிக் கொடுத்தால், அண்டாவிலிருந்து கரண்டிவரைக்கும் அதை வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். வாயில் வருகிற வார்த்தை முள்ளு முள்ளாக இருந்தாலும் கையில் வருகிற எழுத்து உருண்டையாக, அழகாக இருக்கும். அவர் கையால்தான் பேர் வெட்ட வேண்டும் என்று மாம்பலத்திலிருந்தும் மைலாப்பூரிலிருந்தும் ஆள் வருவதுண்டு.

எழுபத்து நாலாம் வருஷம், பொங்கல் முடிந்த மறு வாரம். தலைசுற்றல் என்று டாக்டரிடம் போனவரை, பிரஷர் ஏகமாக இருக்கிறது, உப்பைக் குறை, ஊறுகாயைத் தொடாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே தங்கபுஷ்பம் வீட்டிலிருந்த நார்த்தங்காய் ஊறுகாயை ஜாடியோடு தூக்கி, தெருமுனையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற வேலுவிடம் கொடுத்துவிட்டாள். இங்கேதான் அவள் ஒரு தப்பு செய்தாள். அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு ஊறுகாய்க்குக் கை நீட்டினார். இல்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்த்தார். ஜாடியும் இல்லை. வேலுவிடம் கொடுத்துவிட்டேன் என்றாள். “என்னைக் கேக்காம எப்படிளா தூக்கிக் கொடுத்த?” என்று ஆரம்பித்தார். அவள் விட்டுக் கொடுக்கவில்லை. சொல்லிச் சொல்லி, கடைசியில் வாயில் வரக்கூடாத ஒன்று வந்துவிட்டது.

“ஒங்களுக்கு ஆக்கிப் போட்டே எங்காலம் போச்சு. இனிமே எம் மூஞ்சியப் பாக்காதிய!”

அவர் சாப்பிடாமல் போய்விட்டார். அன்றைக்கு மட்டும் அவள் வாசலில் நிற்கவில்லை. பதினோரு மணிக்குக் கடையில் ஒரு குடத்துக்குப் பேர் வெட்டிக்கொண்டிருந்தவரின் இடக்கையிலிருந்து உளி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே இடப்பக்கமாகச் சாய்ந்தார். பக்கவாதம்.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. பெண்களைப் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் விடுவார்கள், மாலை நாலிலிருந்து ஆறு. மற்ற நேரத்துக்கு அண்ணாச்சி கடையிலிருந்து ஓர் ஆளை அனுப்பி வைத்திருந்தார். முதல் நாலு நாள் சண்முகசுந்தரம் கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தார், பேசினார். பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரிந்தது. தங்கபுஷ்பம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு, கட்டிலின் இடப்பக்கத்து முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அந்த இடம் அவளாகத் தேர்ந்தெடுத்தது இல்லை. கல்யாணத்தன்று தாலி ஏறின பிறகு அவளை அவருக்கு இடப்பக்கம் மாற்றி உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து கோவிலானாலும் பஸ்ஸானாலும் போட்டோ ஸ்டூடியோ ஆனாலும் அந்தப் பக்கம்தான். வார்டின் வாசலும் அவருக்கு இடப்பக்கமாக இருந்ததால், வருவதும் அந்தப் பக்கம், உட்காருவதும் அந்தப் பக்கம், போவதும் அந்தப் பக்கம்.

“ஏங்க, இப்ப எப்படி இருக்கு?” என்றாள்.

அவர் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் நாற்காலியில் தனபாலன் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அவரிடம் கடையைப் பற்றி விசாரித்தார், தை மாத முகூர்த்தத்துக்கு யார் பேர் வெட்டுகிறார்கள் என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணாச்சி, எங்க வீட்ல அவ வரவே இல்லியா?” என்றார்.

இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பத்துக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூஞ்சியைப் பார்க்காதே என்றாள் அல்லவா? பார்க்க மாட்டேன் என்று காட்டுகிறார். ஆளை வைத்துக்கொண்டே ஆள் வரவில்லை என்கிறார். அண்ணாச்சியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ இருக்கிறது, நடுவில் நாம் எதற்கு என்று, “வருவா, வருவா” என்று மழுப்பிவிட்டு எழுந்துகொண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த நேரத்தில், “இந்தா உட்கார்ந்திருக்காளே” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து நாள் இப்படிப் போயிற்று. அவள் தட்டில் சோறு போட்டு வைத்தால் வலப்பக்கத்துப் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, “போதும், காலியாயிட்டு” என்பார். இடப்பாதியில் கோடு கிழித்த மாதிரி சோறு அப்படியே இருக்கும். தன் பக்கமாக இருந்த சோற்றைக்கூடத் தொடமாட்டார் என்று அவள் நினைத்தாள். தட்டைக் கழுவும்போது குழாயடியில் நின்று அழுதாள். இந்த ஆள் கோபக்காரர் என்று தெரியும், இத்தனை கல்நெஞ்சு என்று தெரியாது.

அதற்கு அடுத்த நாள் மாலை ராஜகோபாலன் வந்தார். நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிறவர், நாற்பது வயது இருக்கும், மைலாப்பூர்க்காரர். வந்தவர் நோயாளியைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். பாதி சோறு. பிறகு சண்முகசுந்தரத்தின் இடக்கையைத் தூக்கி அவர் மார்பின்மேல் வைத்தார்.

“இது யார் கை, சொல்லுங்கோ.”

சண்முகசுந்தரம் எரிச்சலோடு, “யாரோ பக்கத்துக் கட்டில்காரன் கை. எடுக்கச் சொல்லுங்க சார், பாரமா இருக்கு” என்றார்.

தங்கபுஷ்பம் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள், அவர் கைதான். ராஜகோபாலன் அவளைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க எப்பவும் இந்தப் பக்கம்தான் உக்காந்துண்டு இருக்கேளா? எழுந்து அந்தப் பக்கம் வாங்கோ.”

அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றாள். புருஷன் என்ன சொல்லப் போகிறாரோ என்று இருந்தது.

சண்முகசுந்தரம் அவளைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. “ஏளா, இத்தன நாளா எங்க போயிருந்த? சண்ட போட்டா ஆஸ்பத்திரிக்குக்கூட வரமாட்டியா?” என்றார்.

அவள் அவர் வலக்கையைப் பிடித்துக்கொண்டு அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். நர்ஸம்மா வந்து அதட்டினாள். அவள் காதில் விழவில்லை.

அப்புறம் ராஜகோபாலன் வராந்தாவில் வைத்து விளக்கினார். மூளையின் வலப்பாதியில் ரத்தம் ஓடுவது தடைபட்டிருக்கிறது. அதனால் இடது கை, கால் விழுந்துவிட்டன. அது போதாதென்று, இடப்பக்கம் என்ற ஒன்று இருப்பதே மனசுக்குத் தெரியாமல் போய்விட்டது. “கண்ணு நன்னாத்தான் இருக்கு. காதும் கேக்கறது. ஆனா அந்தப் பக்கத்துலேர்ந்து எது வந்தாலும் உள்ள ஏறாது. உங்கமேல கோபமே இல்லை அவருக்கு. நீங்க அங்க இருக்கேள்னே தெரியாது.”

கோபம் இல்லை என்ற ஒரு வார்த்தையைத்தான் தங்கபுஷ்பம் கேட்டாள். மற்றது எதுவும் அன்றைக்கு அவள் மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்ததும் அவள் செய்த முதல் காரியம், எல்லாவற்றையும் வலப்பக்கம் மாற்றியதுதான். பாயைத் திருப்பிப் போட்டாள். தண்ணீர்ச் சொம்பு வலப்பக்கம், ரேடியோ வலப்பக்கம், அவளும் வலப்பக்கம். தட்டைப் பாதியில் திருப்பி வைத்தால் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டுவிடுவார் என்பதைக் கண்டுபிடித்தாள். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். பத்து நாள் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவள் மாதிரி பூ வைத்துக்கொண்டாள்.

ராஜகோபாலன் சாயங்காலங்களில் ஆழ்வார்பேட்டையில் ஒரு டிரஸ்ட் வைத்திருந்த பயிற்சிக் கூடத்தில் இருப்பார். வாரத்துக்கு மூன்று நாள் அங்கே வரச் சொல்லியிருந்தார். வேலுதான் ரிக்‌ஷாவில் அழைத்துப் போவான். முதல் நாளே அவர் கேட்ட கேள்வி, “ஆத்துல நீங்க எந்தப் பக்கம் உக்கார்றேள்?”

“வலப்பக்கந்தான்” என்றாள் பெருமையாக.

“இனிமே உக்காரக் கூடாது.”

அவள் முகம் விழுந்துவிட்டது. அவர் விடவில்லை. “சொம்பு, ரேடியோ, தட்டு, நீங்க, எல்லாம் இடப்பக்கம் போகணும். எல்லாத்தையும் வலப்பக்கம் கொண்டு வெச்சேள்னா அவர் ஏன் அந்தப் பக்கம் திரும்பப் போறார்? இருக்கற கொஞ்ச நஞ்சமும் போயிடும். தேடணும். தேடித் தேடித்தான் மூளை கத்துக்கும்.”

“அந்தப் பக்கம் போனா என்னைத் தெரியாதே சார்” என்றாள்.

“தெரியாதுதான். தெரியற வரைக்கும் அங்கேயே இருக்கணும். உங்களால முடியலேன்னா வேற யாரையாவது வெச்சுக்கலாம்.”

வேறு யாரையாவது! அவளுக்கு மூக்கு விடைத்தது. “நானே இருக்கேன்” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியாது. புருஷன் கண்முன்னால் இருந்துகொண்டே இல்லாமல் போவதை யார்தான் விரும்புவார்கள்? கூப்பிட்டால் அவர் வலப்பக்கம் திரும்பி அவளைத் தேடுவார். “எங்களா நிக்க?” என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். அப்போது அந்தப் பக்கம் ஓடக்கூடாது. கூப்பிட்டுவிட்டுப் பத்து மூச்சு பொறுக்க வேண்டும். பத்து மூச்சு ஆகியும் திரும்பாவிட்டால், அவர் முகவாயை லேசாகத் தொட்டு இடப்பக்கம் திருப்பலாம். இது ராஜகோபாலன் போட்ட சட்டம். முதல் வாரம் அவள் நாலு மூச்சுக்கு மேல் தாங்கவில்லை.

வீட்டில் பயிற்சி காலையில் ஆரம்பிக்கும். முதலில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார வேண்டும். மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு அந்தக் கவனத்தை இடது தோளுக்குக் கொண்டு போக வேண்டும். தோளிலிருந்து முழங்கை, மணிக்கட்டு, ஒவ்வொரு விரலாகக் கட்டைவிரல்வரைக்கும். ஒன்றும் தெரியாவிட்டாலும் அங்கேயே மனசை வைத்திருக்க வேண்டும். சண்முகசுந்தரம் இதைக் கேலி செய்தார். “கையில ஒண்ணுமில்ல, காத்துதான் வருது” என்பார். கூட உட்காரச் சொன்னதால் தங்கபுஷ்பமும் உட்கார்ந்தாள். மூன்றாவது மூச்சிலேயே அவள் மனசு அடுப்பில் வைத்த பாலுக்குப் போய்விடும். அங்கிருந்து குழாயடி வரிசைக்கு, அங்கிருந்து கோவில்பட்டிக்கு. எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்தத் தை மாதக் காலையில், எம் மூஞ்சியப் பாக்காதிய என்று சொன்ன இடத்தில் வந்து நிற்கும். நின்றால் நிற்கட்டும், மறுபடி மூச்சுக்கு வா என்பார் ராஜகோபாலன். உன்னையே திட்டிக்கொள்ளாமல் வா என்பார். அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது திட்டாமல் வருவதற்கு.

அது முடிந்ததும் இடக்கையில் ஒவ்வொரு சாமானாக வைப்பாள். சில்லென்ற டம்ளர், வெந்நீரில் நனைத்த துண்டு, ஒரு பிடி அரிசி. கண்ணை மூடிக்கொண்டே என்னவென்று சொல்ல வேண்டும். மாசியில் எதுவும் சொல்லவில்லை. பங்குனியில் ஒரு நாள், “சூடு” என்றார். சித்திரையில் அரிசியா பருப்பா என்றுகூடச் சொல்லிவிட்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவது இருபது தடவை. கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடை. கால் ஓரளவு திரும்பிவிட்டது. இழுத்து இழுத்து நடந்தார். கை முழங்கைவரைக்கும் வந்தது, விரல்கள் மட்டும் மக்கர் செய்தன.

சாப்பாடும் ஒரு பயிற்சிதான். தட்டுக்குப் பதிலாக வாழையிலை. இலையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு ரிப்பனைப் போடச் சொன்னார் ராஜகோபாலன். கண் அந்தச் சிவப்பைத் தேடிப் பிடித்துவிட்டு, அங்கிருந்து வலப்பக்கமாக வந்து, இலையில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைக்க வேண்டும். பசியோடு இருக்கிற கோபக்காரரிடம் இதை வாங்குவது சின்ன வேலையா? “சோறு, பருப்பு, முடிஞ்சிது” என்பார். “இன்னும் ரெண்டு இருக்கு” என்பாள். “இல்ல.” “இருக்கு.” பத்து மூச்சு. முகவாயைத் தொட்டுத் திருப்புவாள். அங்கே அவரைக்காய்க் கூட்டும் கத்தரிக்காயும் இருக்கும். “இத இப்பத்தான வச்ச” என்று அவள்மேல் பழி போடுவார்.

ரிக்‌ஷாவிலும் விடுதலை கிடையாது. போகிற வழியில் கடைப் பலகைகளைப் படிக்க வேண்டும். மவுண்ட் ரோட்டைத் தேனாம்பேட்டையில் தாண்டி ஆழ்வார்பேட்டை போகிறவரைக்கும் வலப்பக்கத்துப் பலகைகளை மட்டும் படிப்பார். திரும்பி வரும்போது மறுபக்கம் வலப்பக்கமாகிவிடும் அல்லவா? அதையெல்லாம் புதுசாகப் படித்துவிட்டு ஒரு நாள் வேலுவிடம் கேட்டார்.

“வேலு, போகும்போது ஒரு ரோட்டுல போற, வரும்போது வேற ரோட்டுல வாரியே, ஏன்?”

வேலு பெடலை நிறுத்திவிட்டான். “இன்னா சார் சொல்ற? அதே ரோடுதான். நான் இன்னா உன்ன ஊரு சுத்திக் காட்டிக்கினா கீறேன்?”

தங்கபுஷ்பம் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அவளுக்குப் பயமாக இருந்தது. தெரியவில்லை என்பதே தெரியாத மனுஷருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது?

அவள் ஒரு கள்ளத்தனமும் செய்தாள். சொல்லிவிட வேண்டியதுதான். சாயங்காலம் ரேடியோவில் நாடகம் போடும் அரைமணி நேரம் மட்டும் அவருக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். “வந்துட்டியா?” என்பார். நாடகம் முடிந்ததும் இடப்பக்கம் போய்விடுவாள். “போயிட்டியா?” என்பார். ராஜகோபாலனுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த அரைமணியை அவள் விட்டுக் கொடுத்திருக்கமாட்டாள்.

ஆனி மாதத்தில் தனபாலன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். “சுந்தரம், உளி பிடிக்க முடியாட்டாப் பரவால்ல. வெட்டுறதுக்குப் புது ஆள் வச்சிருக்கேன். அவனுக்கு எழுத்து வரல, கோழி கிளறுன மாதிரி இருக்கு. நீ பென்சிலால எழுதிக் கொடு, அவன் அதுமேல வெட்டட்டும். ஆவணி முகூர்த்தத்துக்கு வந்துரு” என்றார்.

சண்முகசுந்தரத்துக்கு முகமெல்லாம் பல். அண்ணாச்சி போனதும் ஒரு சம்புடத்து மூடியைக் கொண்டுவரச் சொல்லி, கறுப்புப் பென்சிலால் ஒரு பேர் எழுதினார். எழுத்து பழைய எழுத்துதான், உருண்டையாக, அழகாக. ஆனால் மூடியின் நடுவில் ஆரம்பித்து வலது ஓரத்தில் நெருக்கியடித்து, கடைசியில் இடமில்லாமல் கீழே இறங்கிவிட்டது. இடப்பாதி வெறும் எவர்சில்வராகப் பளபளத்தது.

“எப்படி?” என்றார்.

நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அப்படிச் சொன்னால் அவர் ஆவணியில் கடைக்குப் போவார். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் குடத்தில் இப்படி எழுதுவார். நாலு பேர் முன்னால் சிரிப்பார்கள்.

“பாதி மூடிய வீணாக்கிட்டியங்க” என்றாள்.

அவர் மூடியை வீசி எறிந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் பயிற்சிக்கு உட்கார மாட்டேன் என்றார். “என்னை என்ன பள்ளிக்கூடத்துப் பையன்னு நெனச்சியா?” என்றார், சுவரைப் பார்த்து. அவள் இடப்பக்கத்தில் உட்கார்ந்தபடி கண்ணை மூடி, தன் பாட்டுக்கு மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தாள். அவரைக் கூப்பிடவில்லை, கெஞ்சவுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவர் சுவரில் சாய்ந்து உட்காருகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தினமும் ஒரு மூடி. ரிப்பன் துண்டு ஒன்றை இடது ஓரத்தில் ஒட்டி வைப்பாள், அங்கிருந்து எழுத வேண்டும். ஆனி போய், ஆடியில் பாதியும் போயிற்று. எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்ந்தது. ஆனால் அவளைப் பார்த்துத் தானாக அவர் ஒரு நாளும் திரும்பவில்லை. ரிப்பன் இருந்தால் மூடிக்குத் திரும்புவார். முகவாயைத் தொட்டால் அவளுக்குத் திரும்புவார். யாரும் தொடாமல், எதுவும் சிவப்பாக இல்லாமல், தன் நினைப்பில் ஒரு தடவை திரும்ப மாட்டாரா என்று அவள் காத்திருந்தாள்.

ஆடிக் கடைசி வெள்ளி. முந்தின நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வராமல், லாரிக்கு நின்று, குடம் குடமாகச் சுமந்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இலையைப் போட்டாள், பரிமாறினாள், இடப்பக்கம் உட்கார்ந்தாள். ரிப்பனைப் போட மறந்துவிட்டாள். என்னென்ன இருக்கிறது என்று கேட்கவும் தெம்பில்லை. ஒரு நாள்தானே, எப்படியோ சாப்பிடட்டும் என்று சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வாசலில் வேலு ரிக்‌ஷாவைத் துடைத்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு ஆழ்வார்பேட்டையில் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள்.

சண்முகசுந்தரம் சோற்றைப் பார்த்தார். பருப்பைப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார். கழுத்து மெல்ல நகர்ந்தது. கத்தரிக்காயைத் தாண்டியது. இலையின் மேல் மூலையில், இடது கோடியில் வந்து நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. ஏழு மாதமாகவே அங்கே ஒன்றும் இல்லை. உப்பும் ஊறுகாயும் வைக்கிற இடம் அது.

“ஊறுகா எங்களா?” என்றார்.

தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள். அவர் இலையை விட்டுவிட்டு இன்னும் இடப்பக்கம் திரும்பினார். தேடவில்லை, தடுமாறவில்லை. நேராக அவள் முகத்தில் வந்து கண் நின்றது. புருவம் நெரிந்திருந்தது. அசல் கோபம், தை மாதத்தில் சாப்பிடாமல் எழுந்து போனபோது இருந்த அதே கோபம்.

“பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு இருக்க? ஒன்னத்தான் கேக்கேன். ஊறுகா எங்க?”

பதில் வாசலிலிருந்து வந்தது. “அத்த நான் அப்பவே துன்னு முடிச்சுட்டேன் சார். ஜாடி மட்டும்தான் கீது, கொண்டாரட்டா?”

அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணை மூட அவளுக்கு மனசில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அவர் இன்னும் முகத்தைத் திருப்பவில்லை. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பிரஷரு, உப்பு ஆகாதுன்னு டாக்டர் தலதலயா அடிச்சிக்கிட்டாரு! ஒங்களுக்கு நாக்குதான் பெருசு! வைக்க மாட்டேன், என்ன செய்வியளோ செஞ்சிக்கிடுங்க!”

ஏழு மாதத்துக்குப் பிறகு, அந்த வீட்டில் மற்ற ஐந்து குடித்தனத்துக்கும் மணி எட்டு ஆனது தெரிந்தது.